மியூட் பொத்தானும் இற்செறிப்பும்

‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் பெரிய மதிப்பு உண்டு. பேருந்தில் வேண்டுமென்றே இடித்தவன் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவனும் அதையேதான் சொல்வான். சட்டம்கூட ஒருகாலத்தில் அந்த மொழியில்தான் பேசியது. 1998இல் ஆட்டோவில் வந்த ஆண்களின் துன்புறுத்தலுக்கு ஆளாகிச் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா உயிரிழந்தார். அதையடுத்துத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரில் ‘ஈவ் டீசிங்’ என்றே இருந்தது. ஓர் உயிர் போன பிறகும் நடந்ததற்குப் பெயர் சீண்டல். நான்கு ஆண்டுகள் கழித்து, 2002இல்தான் அது பெண்களைத் துன்புறுத்துதல் என்று பெயர் மாறியது.

இப்போது விளையாட்டே ஓர் இடமாகிவிட்டது. பேருந்து நிறுத்தம்போல, டீக்கடை பெஞ்சுபோல, அங்கே ஆட்கள் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், நட்பாகிறார்கள். பெண்களும் போகிறார்கள். போனதும் நடப்பது அவர்களுக்குப் பழக்கமானதுதான். அங்கே ஒருவன் தப்பாக நடந்துகொண்டால் அவனை என்ன செய்வது என்ற கேள்வியை நிறுவனங்கள் தொழில்நுட்பக் கேள்வியாகவும், காவல்துறை சட்டம் ஒழுங்குக் கேள்வியாகவும், வீட்டார் மானப் பிரச்சினையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நீதியின் கேள்வியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் வேலை பார்ப்பதும் வசிப்பதும் போடிநாயக்கனூரில். விடியுமுன்னே இங்கிருந்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று அவர்கள் போகும் ஊர்களின் பெயர்கள் இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மாக்கள் மலையிலிருந்து திரும்பி வரும்வரை வீடு மகள்கள் பொறுப்பு. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய ஸ்மார்ட்போன் பல வீடுகளில் இப்படித்தான் பெண்பிள்ளைகளின் கைக்கு வந்தது. பாடம் முடிந்த பிறகும் போன் இருந்தது. அதில் ஆட்டமும் இருந்தது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி சொன்னாள். நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து ஆடும் சுடும் ஆட்டம் அது. அவள் நன்றாக ஆடுவாள். ஒருநாள் மைக்கைத் திறந்து, ‘இடப்பக்கம் ஆள் இருக்கு’ என்று குழுவுக்குச் சொன்னாள். பெண்குரல் கேட்டதும் அவர்களுக்கு ஆட்டம் மறந்துபோனது. முதல் கேள்வி, எந்த ஊரு. அடுத்தது, எந்தத் தெரு. தெருவைக் கேட்பது எதைக் கேட்பது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் பதில் சொல்லவில்லை. உடனே உடலைப் பற்றிய வசவு வந்தது, சாதியைச் சேர்த்து. அவள் விலகியதும் வெவ்வேறு ஐடிகளிலிருந்து நட்பு அழைப்புகள் வந்தன. ஏற்காதபோது, பத்துப் பேர் சேர்ந்து அவள் மோசடி ஆட்டம் ஆடுகிறாள் என்று புகார் பொத்தானை அழுத்தினார்கள். அவள் ஐடி முடங்கியது. அவர்கள் பதிவு செய்திருந்த அவள் குரல் எப்படியோ அவளுடைய அண்ணனின் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் போனை வாங்கி வைத்துக்கொண்டான்.

‘அவன் ஐடி இன்னமும் இருக்கு மேம். என்கிட்டதான் போன் இல்ல’ என்றாள்.

இதில் குரல்வழிப் பேச்சு, நட்பு அழைப்பு, பதிவு செய்யும் வசதி, புகார் பொத்தான் என்று ஆட்டத்திலிருந்த நான்கு வசதிகளும் ஒரு பெண்ணை வெளியேற்றப் பயன்பட்டன. நான்காவது அவளைக் காப்பாற்றவென்றே வைக்கப்பட்டது. இவற்றுக்கு எதிராக அவளிடம் இருந்தவை மியூட், பிளாக், அப்புறம் ஆட்டத்தைவிட்டு வெளியேறுதல். மியூட் செய்தால் அவளுக்கு அவன் பேச்சு கேட்காது. அவன் பேசுவது நிற்காது. குழுவில் மற்ற இருவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அதோடு, குழுவாக ஆடும் ஆட்டத்தில் காதை மூடிக்கொண்டவள் தோற்பாள். தன்னைக் காத்துக்கொள்வதற்கு அவள் ஆட்டத்தைக் கொடுத்தாக வேண்டும்.

ஜீப்பிலும் இதே கணக்குதான். ஏதோ ஒரு ஜீப்பில் ஒருவன் சரியில்லை என்றால் பெண்கள் ஜீப் மாறுவார்கள். அரைமணி முன்னதாக எழுவார்கள். அவன் அதே ஜீப்பில் போய்க்கொண்டிருப்பான்.

சங்க அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது இரண்டு கலைச்சொற்களைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒன்று அலர், ஒரு பெண்ணின் காதலைப் பற்றி ஊர் வெளிப்படையாகப் பேசும் பேச்சு. வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், வாய்விட்டுப் பேசுவது அலர் என்று நுணுக்கமாகப் பிரித்துச் சொல்வோம். மற்றொன்று இற்செறிப்பு. அலர் எழுந்ததும் தலைவியை வீட்டுக்குள் வைத்துக் காவல் போடுவது. இரண்டையும் தனித்தனித் துறைகளாக மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். சேர்த்து வைத்துப் பார்த்தால் அதில் ஒரு தண்டனை முறை இருக்கிறது. பேசுவது ஊர், அடைபடுவது அவள். அலர் தூற்றியவர்களை யாரும் எதுவும் கேட்டதாகப் பாடல்களில் இல்லை. மியூட் பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இற்செறிப்புதான் நினைவுக்கு வருகிறது. நாம் அதைப் பாதுகாப்பு வசதி என்கிறோம். அன்றைய தாயும் அதைப் பாதுகாப்பு என்றுதான் நினைத்திருப்பாள்.

இந்தக் கேள்விக்கு உலகில் முப்பது ஆண்டு வரலாறு உண்டு. 1993இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக் கணினி ஒன்றில் லாம்டாமூ என்ற இணைய உலகம் இயங்கியது. படங்கள் கிடையாது, எல்லாமே எழுத்து. உறுப்பினர்கள் ஒரு பாத்திரமாகப் பெயர் சூட்டிக்கொண்டு, செய்வதையும் பேசுவதையும் எழுதிக்காட்டி அங்கே வாழ்ந்தார்கள். மிஸ்டர் பங்கிள் என்ற பாத்திரம், சூனியப் பொம்மை என்ற ஒரு நிரலைப் பயன்படுத்தியது. அதைக் கொண்டு வேறொருவரின் பாத்திரம் ஏதோ செய்வதாக எல்லோர் திரையிலும் எழுத்து வரும்படி செய்யலாம். கூடத்தில் பலர் பார்த்திருக்க, லெக்பா என்ற பாத்திரமும் வேறு சிலரும் பாலியல் வன்முறைக்கு ஆளாவதாக அவன் எழுதினான். லெக்பாவை இயக்கியவர் சியாட்டிலில் இருந்த ஒரு பெண். நடந்ததைப் பொதுவில் எழுதியபோது நிஜமாகவே கண்ணீர் வழிந்ததாக, இதைப் பதிவுசெய்த பத்திரிகையாளர் ஜூலியன் டிபெலிடம் அவர் சொன்னார்.

லெக்பாவின் சொல்லிலிருந்து விவாதம் தொடங்கியது. பங்கிளை அழித்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கு யாருக்கு அதிகாரம் என்று கேட்டார்கள். கூட்டம் போட்டார்கள். பங்கிளும் வந்தான். அது ஒரு சோதனை, தன் நிஜ வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றான். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், சும்மா விளையாட்டுக்கு. கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. அதன் பிறகு நிர்வாகிகளில் ஒருவர் தானே முடிவெடுத்து அவன் கணக்கை அழித்தார். சில நாளில் அதே ஆள் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டான். உறுப்பினர்கள் மனுப் போட்டு வாக்களித்து விதி செய்யும் முறை அங்கே இதற்குப் பிறகுதான் ஏற்பட்டது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, சூனியப் பொம்மையைப் பங்கிள் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. ஒருவரின் உடலை இன்னொருவர் இயக்கும் கருவி வேடிக்கை என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ‘தவறாகப் பயன்படுத்தினான்’ என்று சொல்லும்போதே, சரியாகப் பயன்படுத்த அதில் என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது, அதிகாரமுள்ள ஒருவர் இரவோடிரவாக ஆளை நீக்குவது சுலபம், ஆனால் அது எதையும் முடித்துவைப்பதில்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அங்கே பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் பொதுவில் நின்றது. காதை மூடிக்கொள் என்று சொல்லி அவரை அனுப்பிவிடவில்லை.

பின்னால் வந்த பெரிய நிறுவனங்கள் இந்த மூன்றாவது பாடத்தைத்தான் விட்டுவிட்டன. 2021இல் மெட்டா நிறுவனத்தின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகில் சோதனைக்கட்டப் பயனர் ஒருவர், முன்பின் தெரியாத ஒருவர் தன் உருவைத் தகாத முறையில் தொட்டதாகப் புகார் செய்தார். விசாரித்த நிறுவனம், அவர் பாதுகாப்பு வளையத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில், உருவங்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய நான்கடிக்குள் நெருங்க முடியாத எல்லை ஒன்றைத் தானாகவே இயங்கும்படி வைத்தார்கள். இது பரவாயில்லை. எல்லோரையும் சுற்றி எல்லை இருந்தால் அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பெண்ணின் தலையில் விழாது. ஆனாலும் எல்லையைத் தாண்டியவனிடம் யாரும் எதுவும் கேட்காமலே இது நடந்துவிடுகிறது.

நம் மாநிலத்தில் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பப்ஜி மதன் என்று அறியப்பட்டவர், 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட அந்த ஆட்டத்தை யூடியூபில் நேரலையாக ஆடிக்கொண்டே பெண்களை மிகக் கீழ்த்தரமாகப் பேசியதாகப் புகார்கள் எழுந்தன. அவர் சேனலின் பெயரிலேயே ‘டாக்சிக்’ என்ற சொல் இருந்தது. அவருக்குப் பார்வையாளர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானார். ஜூலையில் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். பலர் கைதட்டினார்கள். நீண்டநாள் யாரும் கேட்காத புகார் ஒருவழியாகக் கேட்கப்பட்டது என்பதில் எனக்கும் ஆறுதல் உண்டு.

ஆனால் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. குண்டர் சட்டம் 1982ஆம் ஆண்டினது. இணையவழிக் குற்றம் புரிவோர் அதில் 2014இல் சேர்க்கப்பட்டனர். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்க அது இடம் தருகிறது. விசாரணை இல்லை என்றால் பெண்ணின் வாக்குமூலமும் இல்லை. என்ன நடந்தது, எது குற்றம், ஏன் குற்றம் என்று அவள் சொல்லி ஊர் கேட்கும் இடம் அங்கே கிடையாது. ஒரு ஆள் காணாமல் போகிறான், அவ்வளவுதான். லாம்டாமூவின் நிர்வாகி செய்ததை அரசு பெரிய அளவில் செய்கிறது.

இரண்டாவது சங்கடம் ‘ஆபாசம்’ என்ற சொல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசத்தைப் பார்ப்பவர், கேட்பவர் மனம் கெடுவதை வைத்து அளக்கிறது. அந்த நாட்களில் பொதுவெளியில் அதிகம் கேட்ட கவலையும் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்பதுதான். கேட்ட பையனின் மனம் கெட்டது பற்றிப் பேசினோம். பேசப்பட்ட பெண்ணுக்கு என்ன ஆனது என்பது பின்னுக்குப் போனது. கவிதை எழுதும் எங்களுக்கு இந்தச் சொல்லிடம் பழைய பயம் உண்டு. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வந்தபோது அதன்மீதும், அக்காலத்தில் உடலை எழுதிய பெண் கவிஞர்கள்மீதும் வீசப்பட்டது இதே ‘ஆபாசம்’தான். பெண் தன் உடலைப் பற்றித் தானே எழுதுவதையும், ஒருவன் அவள் உடலை வைத்து அவளை வெளியேற்றுவதையும் ஒரே சொல்லால் அளக்கும் கோல் நமக்கு உதவாது. தவறு கெட்ட வார்த்தையில் இல்லை. ஆண்கள் தங்களுக்குள் தோற்றுப்போன ஆத்திரத்தில் பேசும் கெட்ட வார்த்தைகளை என்னால் கடந்துபோக முடியும். இங்கே சொல் ஒரு வேலை செய்கிறது. ‘நீ இங்கே இருக்கக் கூடாது’ என்று ஆணையிடுகிறது. அந்த ஆணை பலிக்கிறது என்பதுதான் அநீதி.

அது எவ்வளவு பலிக்கிறது என்பதற்குப் பெயர்களே சாட்சி. தமிழில் ரங்கராஜன் தன் மனைவியின் பெயரான சுஜாதாவைச் சூடிக்கொண்டு புகழ்பெற்றார். பெண்பெயர் அவருக்கு ஒரு வசதி. ஆட்டத்தில் எங்கள் பெண்கள் ஆண்பெயர் வைத்துக்கொண்டு மைக்கை மூடி ஆடுகிறார்கள். ஆண்பெயர் அவர்களுக்கு முக்காடு.

வேறு வழிகளையும் சிலர் முயன்றிருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2011இல் தீர்ப்பாயம் ஒன்றை வைத்தது. புகாருக்குள்ளானவரின் உரையாடல் பதிவுகளை ஆட்டக்காரர்களே படித்து, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று வாக்களித்தார்கள். 2014இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் சொன்னவற்றில் இரண்டு என் மனதில் நிற்கின்றன. தொல்லைப் பேச்சில் பெரும்பகுதி எப்போதும் தொல்லை கொடுப்பவர்களிடமிருந்து வரவில்லை. மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுபவர்களிடமிருந்து வந்தது. தண்டிக்கும்போது, நீ பேசியது இது, அதனால்தான் இந்தத் தண்டனை என்று பதிவோடு காட்டினால் திருந்துபவர்கள் கூடினார்கள்.

முதலாவது நமக்குப் பிடிக்காத செய்தி. அவன் எங்கிருந்தோ வந்த அரக்கன் அல்ல. மாணவியின் தெருவைக் கேட்டவன் இன்னொரு மாணவியின் அண்ணனாக இருக்கலாம். தங்கையின் போனை வாங்கிவைத்த கையும் வேறொருத்தியின் குரலைப் பதிவுசெய்த கையும் ஒன்றாகவே இருக்க இடமுண்டு. எல்லோரையும் அடைத்துவைக்க முடியாது. ஆகவே தண்டனைக்குப் படிகள் வேண்டும். முதலில் குரல்வசதி மட்டும் சில நாள் பறிபோகட்டும். மீண்டும் செய்தால் ஆட்டம் போகட்டும். மிரட்டினால், பதிவைப் பரப்பினால், அது காவல்துறைக்கு, முறையான வழக்குக்குப் போகட்டும். ஒவ்வொரு படியிலும் காரணம் எழுத்தில் இருக்கட்டும். திரும்பி வர வழியும் இருக்கட்டும், ஆனால் அவள் இருக்கும் குழுவுக்குள் அல்ல.

இதெல்லாம் கோடிக்கணக்கானவர் ஆடும் இடத்தில் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். கேட்பதற்கு உரிமம் வேண்டும். அதற்கென்று 1987ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. மீறினால் உரிமத்துக்கே ஆபத்து. அங்கே ஒருவன் முறைகேடாக ஏலம் கேட்டால், ‘உனக்குப் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்’ என்று காய் கொண்டுவந்த விவசாயியிடம் யாரும் சொல்வதில்லை. காய்க்கு விலை இருப்பதால் விதி இருக்கிறது. ஆட்ட நிறுவனங்களும் தங்கள் காசு சம்பந்தப்பட்ட இடத்தில் கண்டிப்பாகத்தான் இருக்கின்றன. ஆட்டத்துக்குள் விற்கும் துப்பாக்கியையும் சட்டையையும் திருட்டு வழியில் எடுப்பவனுக்கு மியூட் என்பது விடையாக இருப்பதில்லை. முடியாது என்பது அளவைப் பற்றிய பேச்சு இல்லை. எது விலையுள்ளது என்பதைப் பற்றிய பேச்சு.

பொய்ப் புகார் வருமே என்றும் கேட்பார்கள். வரும். என் மாணவியை வெளியேற்றியதே பொய்ப் புகார்தான். அதனால்தான் எண்ணிக்கையை வைத்துத் தானாக முடக்கும் ஏற்பாடு கூடாது, பதிவைக் கேட்டுப் பார்க்கும் மனிதர் வேண்டும் என்கிறேன். அந்த மனிதருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தெரு என்ற கேள்வி முகவரி கேட்பதல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பயனர்களின் பேச்சையும் பதிவுகளையும் தாங்கி நடத்தும் தளங்களுக்குக் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிக் குறித்த நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். சட்டத்தில் கதவு இருக்கிறது. அதைத் தட்டும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் எங்கள் பெண்கள் புகார் செய்யாததற்குக் காரணம் வழி தெரியாதது மட்டும் அல்ல. புகார் செய்தால் வீட்டுக்குத் தெரியும். தெரிந்தால் போன் போகும். போனோடு சில நேரம் கல்லூரியும் போகும். இந்தக் கணக்கை அவர்கள் நம்மைவிட நன்றாகப் போடுகிறார்கள். ஆகவே எந்தத் தீர்வையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு அவள் ஆட்டத்தில் இருக்கிறாளா? மியூட் அந்தக் கேள்வியில் தோற்கிறது. குண்டர் சட்டமும் தோற்கிறது, அவன் சிறைக்குப் போன பிறகும் அவள் மைக் மூடியே இருக்கிறது என்றால். அண்ணனின் அன்பும் தோற்கிறது.

அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஏறுகிற ஜீப்பில் ஒருவன் சரியில்லை என்பதற்காக, ‘நாளையிலிருந்து மலைக்குப் போகாதே’ என்று உங்களிடம் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? கூலி போகும், வீடு நிற்காது, அவனை இறக்கிவிடச் சொல் என்பீர்கள். மகளுக்கு அங்கே கூலி இல்லைதான். ஆனால் அவள் நான்கு பேரோடு சேர்ந்து ஆடவும், வழி சொல்லவும், ஜெயிக்கவும் கற்றுக்கொண்ட இடம் அது. போனைத் திருப்பிக் கொடுங்கள். அவன் என்ன பேசினான் என்பதை அவள் வாயால் கேளுங்கள். பிறகு அவளோடு உட்கார்ந்து அந்தப் புகாரை எழுதுங்கள்.